போதும் என்றால் இன்னும்

வேன் முக்குத் திரும்பி மறைந்த பிறகும் நாகஜோதியின் கை ஆடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு நாய் மட்டும்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒனக்கு டாட்டா காட்டவாடா விடிய எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சேன் என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். புகழேந்தி ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், ஆறு வருசமாக அவனைத் தெரியும். ஆனால் படியில் கால் வைக்கும்போது சொன்னான், "போயிட்டு வா." போகிறவன் அவன், நிற்கிறவள் இவள், அவனே இவளுக்கு விடை கொடுத்துவிட்டுப் போகிறான். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சிரித்துவிட்டாள். "ஏனுங்க, அம்மாவ எங்கீங்க போகச் சொல்றான்?" நாகஜோதியும் சேர்ந்து சிரித்தாள். அவன் அப்படித்தான். எந்தப் பேச்சு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படியே, விழுந்த குரலிலேயே, மடிப்புக் கலையாமல் எடுத்துத் தருவான். அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் எல்லாரும் "போயிட்டு வா" என்கிறார்கள், அப்படியானால் கிளம்புவதற்கு உரிய வார்த்தை அதுதானே. கணக்கு சரிதான். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆட்டிசம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன அன்றைக்கு, திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அழுத அழுகையில் முன்சீட்டுக் கிழவி தண்ணீரை எடுத்து நீட்டினாள், என்னவோ துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்து. புருசன் செல்லப்பாண்டிதான், "ஆட்டிசமோ மாட்டிசமோ, நம்ம பயதானடி, விடு" என்றான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு வழியாகப் போயிற்று. அப்போது பிள்ளைக்கு மூன்று முடியவில்லை. மடியில் கிடந்து ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கனம் இப்போதும் தொடையில் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் வேன் படியில் தூக்கி வைக்கப் போனால், தூக்க வரவில்லை, வளர்ந்துவிட்டான்.

வீடு என்னமோ மாதிரி இருந்தது. சத்தமில்லை. சத்தமில்லாததுதான் சத்தமாக இருந்தது. பனியன் கம்பெனியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்துப் பாயில் கொட்டி, பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். சின்னப்பிள்ளைச் சட்டைகள், மஞ்சள், நெஞ்சில் ஒரு யானை. தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் நறுக் நறுக்கென்று வெட்டி எறிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. கை பாட்டுக்குக் கை. புகழ் இருந்தால் வெட்டிய நூல்களைப் பொறுக்கி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தரையில் வரிசை பிடிப்பான், வீடு முழுக்க மழைக்கோடு மாதிரி நூல்கோடு போகும். தாண்டித் தாண்டி நடக்கணும். எத்தனை நாள் கத்தியிருக்கிறாள், டேய் கூட்ட விடுடா, காலு வைக்க எடமில்லடா என்று. இப்போது நூல் விழுந்த இடத்தில் விழுந்தபடி அனாதையாகக் கிடந்தது. இவளே ரெண்டு நூலை எடுத்து நேராக வைத்துப் பார்த்தாள். அவன் மாதிரி வரவில்லை. சீச்சீ, வேலையப் பாரு. பெஞ்சில் பௌசியாக்கா சொல்லுவாள், "பள்ளிக்கூடம் அனுப்பு ஜோதி, மொத நாளு காச்சல் வர்றது புள்ளைக்கில்ல, நமக்குத்தான்" என்று. பெஞ்சு. அந்த நீளப் பெஞ்சை நினைத்தால் நெஞ்சுக்குள் என்னவோ இளகுகிறது. தெரபி நடக்கும் அறைக்கு வெளியே, நடையில் போட்டிருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் கத்துவார்கள், வெளியே அம்மாக்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள், எந்தக் கத்தல் யாருடையது என்று. முதல் மாதம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பிறகு பௌசியாக்காதான் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள், தேங்காய் போட்ட சேமியா. "சாப்புடும்மா, அழுகுறதுக்குத் தெம்பு வேணுமில்ல." அதற்குப் பிறகு அங்கே அடித்த கூத்துக்கு அளவில்லை. அவரவர் பிள்ளை பேசும் பாஷையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பௌசியாக்கா மகள் ஹஸீனாவுக்கு வெளியே போகணும் என்றால் "டிக்கெட் டிக்கெட்" என்று கண்டக்டர் குரலில் சொல்வாள், சித்திக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னாலும் சொல்லிவிட்டாளாம், சிரிப்போ சிரிப்பு. வேறு எங்கே அப்படிச் சிரித்திருக்க முடியும். தெருவில் சிரித்தால் பார்ப்பார்கள், இவளுக்கென்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு என்று. சொந்தத்தில் சிரித்தால் அதற்கு ஒரு பேச்சு. பெஞ்சில் சிரிக்கலாம், பிறகு அழலாம், பிறகு சேமியா தின்னலாம். இனி அங்கே போக வேண்டியதில்லை. நல்லதுதானே? நல்லதுதான். அடுத்த சட்டையை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் மிஸ் நல்ல மாதிரி. புகழ் மாதிரிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற இடம், ஊருக்கு வெளியே, வேப்பமரம் நிற்கிறது. சேர்க்கப் போன அன்றைக்கு நாகஜோதி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் வந்தாள், சின்ன வயசில் சொந்த ஊரில், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே மூச்சோடு. மிஸ், அவன் "கதவச் சாத்து"ன்னு சொன்னா ஒண்ணுக்கு வருதுன்னு அர்த்தம். "ஊது ஊது"ன்னா எங்கயோ வலிக்குது, இல்ல பயந்துக்கிறான். "நாளைக்கு வா"ன்னா வேண்டாம்னு அர்த்தம் மிஸ், பலசரக்குக் கடை அண்ணாச்சி சொல்றது அது, இவன் புடிச்சுக்கிட்டான். மிஸ்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நல்ல சிரிப்பு, பெஞ்சுச் சிரிப்பு. ரசத்தில் கடுகு இருந்தால் தொட மாட்டான், அரித்துவிட்டுத்தான் ஊற்றணும், அதையும் சொன்னாள். காதுப் பக்கம் தொடக்கூடாது, சொன்னாள். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் கவனிக்கவில்லை என்று நினைக்கக் கூடாது, அப்போதுதான் நன்றாகக் கேட்கிறான், அதையும் சொன்னாள். மிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "மொத வாரம் மட்டும் ஃபோன் பண்ணாதீங்கம்மா. ஏதாச்சும்னா நாங்களே கூப்புடறோம். நீங்க ஒரு தடவ கூப்புட்டா மனசு ஒம்போது தடவ கூப்புடச் சொல்லும்." சரி மிஸ் என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தாள். அதுதான் இப்போது வினை.

எப்படியென்றால், டீ போட்டாள். ஒரு அடுக்கு வெட்டி முடித்ததும் ஒரு டீ, அது வழக்கம். பாத்திரத்தைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக்கொண்டே வாய் பாட்டுக்கு, "போதுமா?" என்றது. யாரிடம்? வீட்டில் ஒரு ஈ இல்லை. பழக்கம். ஊற்றும்போதெல்லாம், போடும்போதெல்லாம், கரண்டி சாயும்போதெல்லாம் போதுமா, போதுமா, போதுமா. ஆறு வருசத்து வாய். பதில் இல்லாத வீட்டில் அந்தப் போதுமா போய்ச் சுவரில் முட்டித் திரும்பி அவளிடமே வந்தது. ஐயோ. சொல்லலையே. கடுகைச் சொன்னவள், காதைச் சொன்னவள், ஃபேனைச் சொன்னவள், அதைச் சொல்லாமல் வந்துவிட்டாள். அவன் "போதும்" என்று சொன்னால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். மத்தியானம் அங்கேதான் சோறு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அங்கே ஆக்கியதைத்தான் சாப்பிடணும், டப்பா கொடுத்து அனுப்பக் கூடாது. பரிமாறுவார்கள். ஒரு கரண்டி ரசஞ்சோறு போடுவார்கள். அவன் வேகமாகத் தின்றுவிட்டு, போதும் என்பான். நல்ல பிள்ளை, எவ்வளவு தெளிவாகச் சொல்கிறான் பாரு என்று கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விடும். அவன் மறுபடியும் போதும் என்பான். சரிப்பா போதும், கை கழுவு. போதும் போதும் போதும் என்று அலறுவான். அலற அலற அவர்கள் தட்டை இன்னும் தள்ளி வைப்பார்கள். டம்ளர் கையில் சுட்டது. சுடுகிறது என்று கீழே வைக்கத் தோன்றவில்லை.

எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, அது வேறு வார்த்தை என்றே அவளுக்குத் தோன்றாமல் போய்விட்டது. கதவச் சாத்தெல்லாம் வெளியார் கேட்டால் புரியாது, விளக்கணும். போதும் வீட்டு வார்த்தை. உப்பு மாதிரி. அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான். மூன்றரை வயசு வரைக்கும் ஊமை மாதிரி இருந்தவன், ஒரு சாயங்காலம், இதே அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான், இவள் ரசஞ்சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்து, போதுமாடா தங்கம் என்றாள், எப்போதும் போல, சுவரிடம் கேட்பது போல. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்து, "போதும்" என்றான். சின்னக் குரல், ஆனால் எழுத்துக்கு எழுத்து சுத்தம். நாகஜோதி போட்ட கூச்சலில் குளித்துக்கொண்டிருந்த செல்லப்பாண்டி சோப்பு நுரையோடு ஓடி வந்தான். மாமா, பேசிட்டான் மாமா, போதும்னு சொல்லிட்டான். சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா, தட்டை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், பின்மண்டையால் சுவரில் இடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். இருவரும் விழிக்கிறார்கள். செல்லப்பாண்டிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "ஏய், சோத்தப் போடுடி. அவன் கேக்குறான்டி." போட்டாள். அழுகை நின்றது. போதும் என்றான், போட்டாள். போதும் என்றான், போட்டாள். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்கிற ஆசையில் ஒரு பருக்கை, ரெண்டு பருக்கையாகப் போட்டுப் போட்டு, போதும் போதும் என்று சொல்ல வைத்து, பிள்ளை வயிறு மத்தளமாகிவிட்டது. மூன்று பேரும் ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, அதாவது அவர்கள் ரெண்டு பேரும் சிரித்தார்கள், அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அவனும்தான் என்று அவளுக்கு இன்றைக்கும் நிச்சயம். தெரபியில் சொன்னார்கள், மாத்திச் சொல்லிக் குடுங்கம்மா, இன்னும் வேணுமான்னு கேளுங்க என்று. கேட்டுப் பார்த்தாள். வாய் போதுமா என்றுதான் போயிற்று. முதல் வார்த்தையைப் போய் யாராவது தப்பென்று அழிப்பார்களா. நாலு எழுத்து கூட இல்லை, அதற்குள் அவனுடைய பால்பல் எல்லாம் இருக்கிறது.

ஃபோனை எடுத்தாள், வைத்தாள். மிஸ் பெயரை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். பண்ணினால் என்ன, தலையையா எடுத்துவிடுவார்கள்? எடுக்க மாட்டார்கள். ஆனால், பாத்தியா, மொத நாளே பண்ணிட்டாங்க, இந்தம்மாவால முடியாது என்று நினைப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும். இல்லை, அதில்லை. பயம் அதில்லை. இவள் ஃபோனில் சொல்லி, அவர்கள் கேட்டு, அதன்படி நடந்தால், இவள் சொல்லாமல் அவனுக்கு ஒரு கவளம் கூட இறங்காது என்றாகிவிடும். இன்றைக்கு இது, நாளைக்கு வேறு ஒன்று. அவள் எத்தனை நாள் கூடவே போவாள்? காலத்துக்குமா? அந்த நினைப்பு வந்ததும் கத்தரியை இன்னும் வேகமாக ஓட்டினாள். காலத்துக்கும் என்ற வார்த்தைப் பக்கம் போகக் கூடாது, அது ஆழம். செல்லப்பாண்டிக்குப் பண்ணினாள். பின்னால் மிஷின் சத்தம். "என்னடி, போயிட்டானா?" "போயிட்டான் மாமா. மாமா, போதும்னா இன்னும்னு சொல்லாம விட்டுட்டேன்." "என்னது?" "போதும்!" "சரி போதும்னா வையி, சூப்பர்வைசர் பாக்குறான்." "ஐயோ மாமா, ஒங்கள இல்ல, பய சொல்ற போதும்!" பிறகு செல்லப்பாண்டி சொன்னான், "பசிச்சாப் பக்கத்துத் தட்டுலயாச்சும் கைய விட்டுத் தின்னுருவான்டி, ஓம் மகன்ல." "எங்கூட்டு ஆளுக ஒண்ணும் அடுத்தவுக தட்டுல கை விட்டதில்ல." "அப்ப எம் மகன். தின்னுருவான், விடு." வைத்துவிட்டான். குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் வைக்கும் முன்னால் ஒரு மூச்சு விட்டான் பாருங்கள், அதில் சிரிப்பு இல்லை. அவனுக்கும் அந்த நிச்சயதார்த்தப் பந்தி நினைவு வந்திருக்கும். யார் வீட்டு விசேஷம் என்றுகூட இப்போது சொல்லப் பிடிக்கவில்லை. பரிமாறுகிறவர் பாயசம் ஊற்றினார், பயல் போதும் என்றான், அவர் நகர்ந்துவிட்டார், இவள் எழுந்து சொல்வதற்குள் அவன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், பல் பதிந்தது. இலை இலையாகத் தலைகள் திரும்பின. "அடம் புடிச்ச பிள்ளை." "திமிரப் பாரு." "செல்லங் குடுத்தா இப்படித்தான்." கடித்த இடத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் மூன்று பேரும், யாரோ தாம்பூலப் பையை அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், சீக்கிரம் கிளம்புங்கள் என்பது போல.

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிப் பாய்க்கு வந்தது. மஞ்சள் சட்டைகளில் யானைகள் பளபளவென்று நின்றன. இந்நேரம் தட்டுப் போட்டிருப்பார்கள். இவளுக்கும் சோறு இருக்கிறது, ரசம் இருக்கிறது, கடுகு தாளிக்காத ரசம். எடுத்துச் சாப்பிடத் தோன்றவில்லை. அவன் சாப்பிட்டானா என்று தெரியாமல் எந்தத் தொண்டையில் இறங்கும். சத்துணவுக் கூடத்து வரிசை நினைவுக்கு வந்தது, அலுமினியத் தட்டு, வெயிலில் சுடும், பாவாடையில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாம்பார் வாசம் மூன்றாவது பீரியடிலேயே வகுப்புக்குள் வந்துவிடும். இவளுக்கு அந்தச் சோறு உயிர். ஆனால் ஆயா கரண்டியோடு வந்து, போதுமா புள்ள என்றால், போதும் என்றுதான் சொல்வாள், பொம்பளப் பிள்ளை நிறையக் கேட்கிறாள் என்று பின்னால் நிற்கும் பையன்கள் சொல்லக் கூடாதே. போதும் என்று சொல்லிக்கொண்டே தட்டை மட்டும் நகர்த்த மாட்டாள். ஆயா இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போவாள். கத்தரி நின்றது. அட. கல்யாணப் பந்தியில் என்ன நடக்கிறது? போதும் போதும் என்று இலைக்கு மேலே கையை விரிக்கிறார்கள், விரலுக்கு விரல் இடைவெளி விட்டு. ரசம் அந்த இடைவெளி வழியாகத்தான் இறங்குகிறது. போதும் என்றதும் ஊற்றாமல் போனவனை யாராவது நல்லா பரிமாறினான் என்று சொல்லியிருக்கிறார்களா? மாப்பிள்ளை வீட்டார் போதும் என்றால் வற்புறுத்திப் போடணும், போடாவிட்டால் அதையே சண்டையாக்குவார்கள். ஊரே போதும் என்றால் இன்னும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறது. எம்பிள்ளை சொன்னா மட்டும் வியாதியா? அவளுக்கு ரோசமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது, பௌசியாக்காவிடம் இதைச் சொல்லணும், பெஞ்சு இருந்தால் இப்போதே சொல்லலாம். ஆனால் ரோசத்துக்கு அடியில் பயம் அப்படியேதான் கிடந்தது, நகரவில்லை. ஊரார் தட்டை நகர்த்தாமல் கண்ணால் கேட்பார்கள். அவன் கண்ணால் கேட்க மாட்டான், ஃபேனைப் பார்ப்பான். அங்கே பரிமாறுகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்.

பிறகு மத்தியானம் நகரவே இல்லை. மூட்டை தீர்ந்தது, சட்டைகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஃபோன் அடிக்கவில்லை. அடிக்காதது நல்லதா கெட்டதா? ஏதாவது என்றால் கூப்பிடுவார்கள், கூப்பிடவில்லை, அப்போ ஒன்றுமில்லை. இல்லை, கூப்பிட நேரமில்லாத அளவுக்கு ஏதாவது என்றால்? சீ வாயக் கழுவு. வேன் சத்தம் கேட்டபோது அவள் செருப்பில்லாமல் தெருவில் நின்றாள். கூட வந்த அக்கா அவனைத் தூக்கி இறக்கினாள், தூங்கி எழுந்த முகம், தலை ஒரு பக்கம் சப்பை. "சாப்புட்டானாக்கா?" "அது தெரியலீங்களே, நானு வண்டியோட சரிங்க." நாகஜோதி அங்கேயே, தெருவிலேயே, அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பல் பதியவில்லை. மற்றதையும் பார்த்தாள், பதியவில்லை. காலரில் ரசக்கறை. வயிற்றில் கை வைத்துப் பார்க்கப் போனாள், "நாளைக்கு வா" என்று தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். போய் அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து, தன் இடத்தில் உட்கார்ந்தான். தரையில் கிடந்த நூல்களைப் பார்த்தான், உடனே ஒன்றை எடுத்து நேராக வைத்தான்.

தட்டில் ரசஞ்சோறு வைத்தாள். தின்றான். பசியில் தின்கிறானா, பழக்கத்தில் தின்கிறானா, வாயைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டு காலியானது. இவள் கரண்டியோடு நின்றாள், போதுமா என்று கேட்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஃபேனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அந்தச் சின்ன வாயிலிருந்து ஒரு வயசான ஆம்பளைக் குரல் வந்தது, கரகரவென்று, இழுத்து, இந்த ஊர்ப் பேச்சில். "அட, கூச்சப்படாத கண்ணு. போதும் போதும்னா உட்ருவனா நானு? இன்னுங்கொஞ்சம் வாங்கிக்க சாமி."

நாகஜோதி கரண்டியை இறக்கினாள். அது யார் குரல்? செல்லப்பாண்டி குரல் இல்லை, அண்ணாச்சி இல்லை, இந்தத் தெருவில் யாரும் இல்லை. அங்கே சமைக்கிறவராக இருக்கலாம், பெரிய சாராக இருக்கலாம், வேன் ஓட்டுகிறவர்கூடச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கை பிடித்திருக்கலாம். அவள் பார்த்தே இராத யாரோ ஒருத்தர் பயலுக்கு எதிரே குனிந்து நின்றிருக்கிறார். போதும் என்றிருக்கிறான் இவன், அந்த மனுசனும் பந்தியில் எல்லாரையும் நினைப்பதைப் போலவே இவனையும் நினைத்திருக்கிறார், வெட்கப்படுகிற பிள்ளை, வற்புறுத்திப் போடணும் என்று. ஒரு தரம் சொன்னது இப்படிப் பதியாது, அவனுக்குப் பதிவதற்கு அஞ்சாறு தரமாவது கேட்கணும். அத்தனை தரம் போட்டிருக்கிறார். அடம் என்றிருக்கிறார்கள் இவனை, திமிர் என்றிருக்கிறார்கள், பாவம் என்றிருக்கிறார்கள், வாயில் நுழையாத பெயரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கூச்சம் என்று யாரும் சொன்னதில்லை. கூச்சம்! எம்பிள்ளைக்குக் கூச்சமாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூக்கும் ஒழுகியது, கரண்டி பிடித்த கையால் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்க சாமி," என்றான் அவன் மறுபடி, பொறுமையில்லாமல், தட்டை அவள் காலில் இடித்து.

"யாருடா வாங்கிக்கிறது? நீயா, நானா?"

போட்டாள். போடும்போதுதான் தன் வயிறு காலையிலிருந்து காலி என்பது உறைத்தது. இன்னொரு தட்டை எடுத்து, அவன் உட்கார விடுகிற தூரத்தில், ஒரு முழம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோறு தொண்டையில் இறங்கியது. ரசம் ஆறிப் போயிருந்தது, நன்றாகவே இருந்தது. இருவரும் தின்றார்கள். நாளைக்கும் அங்கே போவான், வேறு வேறு குரல்களை வாங்கிக்கொண்டு வருவான். சிலது நல்லதாக இருக்கும், சிலது இருக்காது, இவளுக்கு விளங்காதது நிறைய இருக்கும். நேற்று வரைக்கும் அவன் வாயில் இவளுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இருந்ததில்லை. அந்தப் பழைய வார்த்தையை ஒரே ஒரு தரம் கேட்டுவிடலாமே என்று திடீரென்று ஆசை வந்தது, ஈரத்தரையும் சோப்பு நுரையும் அந்தச் சின்னக் குரலுமாக.

"புகழு, போதுமா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்தான்.

"வாங்கிக்க சாமி," என்றான்.

நாகஜோதி எக்கிச் சட்டியை இழுத்து, தனக்கு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.